நாட்பட்ட இடுப்புக்குழி வலி: லிங்கநகர்ப் பெண்களுக்கான சிகிச்சைப் பாதை

தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றிலும் அதன் பின்புறமாக நாரியிலும் ஆறு மாதங்களோ அதற்கு மேலோ, தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ நிலைத்திருக்கும் வலி, மாதவிடாய் நாட்களிலோ உடலுறவின்போதோ மட்டும் தோன்றி மறைவதாக இல்லாமலும் கர்ப்பத்தோடு தொடர்பற்றதாகவும் இருக்குமாயின், மருத்துவர்கள் அதனை நாட்பட்ட இடுப்புக்குழி வலி என வகைப்படுத்துகின்றனர். பிரித்தானியாவின் மகப்பேற்று, பெண்ணோயியல் மருத்துவர்களுக்கான அரச கல்லூரி 2012 இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த வரையறையைப் பின்பற்றுவதோடு, வளர்ந்த பெண்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் இவ்வலியால் பாதிக்கப்படுகின்றனர் என்றும், இது ஓர் அறிகுறியே தவிரத் தனியொரு நோயின் பெயர் அல்ல என்றும் கூறுகிறது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11 ஆவது நோய் வகைப்பாடு, மூன்று மாதங்களைக் கடந்த எந்த வலியையும் நாட்பட்ட வலியாகவே கணக்கில் எடுப்பதுடன், வேறு நோய் எதுவும் கண்டுபிடிக்கப்படாதபோதும் வலியே ஒரு நோய்நிலையாக இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்ற ஒரு வரியோடு வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்களுக்கு இந்த ஏற்பு பெரிய ஆதாரமாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி, பட்டினமும் சூழலும் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் அமைந்துள்ள லிங்கநகரில் வாழும் பெண்ணுக்கு, இலங்கையின் இலவச சுகாதார சேவையின் மூன்று படிகளும் தூரத்தில் இல்லை. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் கிளினிக், நகரத்திலேயே உள்ள மாவட்ட பொது வைத்தியசாலை என்பனவே அவை. மூதூர், குச்சவெளி, புல்மோட்டை, வெருகல் போன்ற இடங்களில் வாழ்பவர்களோடு ஒப்பிடும்போது இது குறிப்பிடத்தக்க வசதியாகும். இருந்தபோதிலும், வலியோடு வாழும் பெண்ணுக்கு இவ்வமைப்பின் வாசல் எது என்பது தெளிவாக இல்லை. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து இலங்கையின் பொதுச் சுகாதார சேவை தாயையும் சிசுவையும் காப்பதற்காகவே வளர்த்தெடுக்கப்பட்டது. தென்னாசியாவிலேயே மிகக் குறைந்த பேற்று மரண வீதங்களில் ஒன்றை இந்நாடு எட்டியதும் அதனால்தான். அதே காரணத்தால், கருவுற்ற பெண்ணும் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணும் இவ்வமைப்பின் கண்ணில் உடனே படுகின்றனர். பதினெட்டு வயதில் மாதந்தோறும் இரண்டு நாட்கள் படுக்கையில் கிடக்கும் மாணவியும், இரண்டாவது சிசேரியனுக்குப் பின் தழும்போரம் எரிவோடு தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணும் படுவதில்லை. குடும்பநல உத்தியோகத்தர் பேணும் குடும்பப் பதிவேடு பெரும்பாலும் குழந்தை பெறும் வயதிலுள்ள திருமணமான பெண்களை மையமாகக் கொண்டது. 1996 இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக் 35 வயதை முதன்மை இலக்காகக் கொண்டும், பின்னர் 45 வயதையும் சேர்த்துக்கொண்டும், இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகப் பரிசோதனை, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை ஆகியவற்றுக்காக அமைக்கப்பட்டது. இடுப்புக்குழி வலியோ பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. ஆகவே வலிக்கென ஒரு வாசல் கட்டப்படும் வரை, வேறு தேவைகளுக்காகக் கட்டப்பட்ட வாசல்கள் வழியே எவ்வாறு உள்ளே செல்வது என்பதை விளக்குவதே இவ்வத்தியாயத்தின் முதன்மைப் பணியாகிறது.

வலி எங்கிருந்து வருகிறது

இடுப்புக்குழிக்குள் கர்ப்பப்பையும் சூலகங்களும் மட்டும் இல்லை. சிறுநீர்ப்பை, பெருங்குடலின் கடைப்பகுதி, தசைத்தளம், நரம்புகள், மூட்டுகள் அனைத்தும் அதற்குள் நெருங்கி அமைந்திருப்பதோடு, அவற்றின் வலிச் செய்திகள் முள்ளந்தண்டின் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கே சென்று சேர்கின்றன. அதனால் குடலின் வலி கர்ப்பப்பையின் வலியாகவும், தசையின் வலி சூலகத்தின் வலியாகவும் உணரப்படுவது இயல்பு. ஒரே பெண்ணிடம் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பதும் வழமையே. ஒரு காரணத்தைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடுவதனால்தான் பல சிகிச்சைகள் பாதியில் தோற்றுப்போகின்றன.

காரணங்களுள் அதிகம் பேசப்படுவது எண்டோமெட்ரியோசிஸ் ஆகும். கர்ப்பப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கர்ப்பப்பைக்கு வெளியே, சூலகங்களிலோ வயிற்றறைச் சவ்விலோ குடலின் மேலோ வளர்ந்து அழற்சியையும் ஒட்டுகளையும் உண்டாக்கும் இந்நோய், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினரை, அதாவது 19 கோடிப் பேரளவில் பாதிக்கிறது. மாதவிடாய்க்குச் சில நாட்கள் முன்பே தொடங்கும் வலி, உடலுறவின்போது ஆழத்தில் எழும் வலி, மாதவிடாய் நாட்களில் மலங்கழிக்கும்போது ஏற்படும் குத்து, கருத்தரிப்பில் தாமதம் ஆகியன இதன் அறிகுறிகளாகும். கர்ப்பப்பையின் தசைச்சுவருக்குள்ளேயே அவ்விழையம் ஊடுருவும் அடினோமையோசிஸ் என்ற நிலை, பிள்ளை பெற்ற பெண்களிடம் அதிகப்படியான இரத்தப்போக்கோடும் வலியோடும் வெளிப்படுகிறது.

கிளமீடியா, கொனோரியா போன்ற கிருமிகள் கர்ப்பப்பைக் குழாய்கள் வரை ஏறி உண்டாக்கும் இடுப்புக்குழி அழற்சி இன்னொரு முக்கிய காரணமாகும். பெண் தன் கணவரொருவரோடு மட்டும் வாழ்ந்திருந்தாலும் இத்தொற்று வரக்கூடும் என்பதையும், கிளமீடியா பல வேளைகளில் எவ்வித அறிகுறியுமின்றி இருந்துவிடும் என்பதையும், கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை அளிக்காவிடில் தொற்று திரும்பத் திரும்ப வரும் என்பதையும் மனத்திற்கொண்டால், இதனைக் குற்றமாகப் பார்ப்பதற்கு இடமில்லாமல் போகும். கருச்சிதைவுக்குப் பின்னரோ, பாதுகாப்பற்ற முறையில் கருவைக் கலைத்த பின்னரோ ஏற்படும் தொற்றும் இதே விளைவைத் தரும். இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆயினும் அதன் பின்னான காய்ச்சலுக்கும் இரத்தப்போக்குக்கும் சிகிச்சை பெற வைத்தியசாலைக்குச் செல்வது எந்தப் பெண்ணும் அஞ்ச வேண்டிய செயலன்று, தாமதிப்பதே உயிராபத்தானது. எமது பிராந்தியத்தில் கர்ப்பப்பைக் குழாய்களைத் தாக்கும் காசநோயையும் மறந்துவிடலாகாது. நெடுநாள் வலியோடு குழந்தையின்மையும் சேர்ந்திருப்பின், மார்பு நோய் சிகிச்சை நிலையத்தின் உதவியையும் மருத்துவர் நாடக்கூடும்.

பெண்ணோயியலுக்கு வெளியே உள்ள காரணங்கள் பெரும்பாலும் தேடப்படுவதே இல்லை. மலங்கழித்த பின் தணிந்தும் மலச்சிக்கலும் வயிற்றோட்டமுமாக மாறி மாறியும் வரும் வலி, எரிச்சலுற்ற குடல் நோய்க்குறித்தொகுப்பாக இருக்கலாம். சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்பக் கூடி, கழித்தபின் குறையும் வலி, கிருமி எதுவும் இல்லாதபோது சிறுநீர்ப்பை வலி நோயைக் காட்டும். இப்பெண்களுக்கு ஆண்டுக்கணக்கில் நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் தரப்பட்டிருப்பது வருத்தத்துக்குரிய வழக்கமாகும். சிசேரியன் தழும்பின் ஓரத்தில், விரலால் சுட்டிக்காட்டக்கூடிய ஓரிடத்தில் எரிவோ மின்னதிர்வு போன்ற குத்தோ இருந்தால், தழும்புக்குள் நரம்பு சிக்கியிருக்கக்கூடும். இதனை அறிய எளிய முறையொன்று உண்டு. மருத்துவர் வலிக்கும் இடத்தில் விரலை வைத்திருக்க, படுத்திருக்கும் பெண் தலையை உயர்த்தி வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது வலி கூடுமானால், அது பெரும்பாலும் வயிற்றுச் சுவரின் வலியே. உள்ளுறுப்பின் வலி அவ்வேளையில் குறையும். ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய, செலவில்லாத இப்பரிசோதனை பல ஸ்கேன்களைத் தவிர்க்க உதவும்.

நெடுங்காலம் வலியோடு வாழும் உடல், இடுப்புத் தளத்தின் தசைகளை அறியாமலேயே இறுக்கி வைத்துக்கொள்கிறது. அந்த இறுக்கமே பின்னர் புதிய வலியாகிறது. முள்ளந்தண்டும் மூளையும் வலிச் செய்திகளைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடுவதால், முதற்காரணம் குணமான பின்னரும் வலி நீடிக்கலாம். நரம்பு மண்டலத்தின் இம்மாற்றத்தை மையக் கூருணர்வு என்பர். இது கற்பனையுமல்ல, பாசாங்குமல்ல.

வலிக் குறிப்பேடு

வெளிநோயாளர் பிரிவிலோ நெரிசலான கிளினிக்கிலோ ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்நிமிடங்களைப் பயனுள்ளதாக்கும் மிகச் சிறந்த கருவி, பாடசாலைக் கொப்பி ஒன்றில் இரண்டு அல்லது மூன்று மாதவிடாய்ச் சுற்றுகளுக்கு எழுதப்படும் வலிக் குறிப்பேடாகும். ஒவ்வொரு நாளும் திகதி, மாதவிடாயின் எத்தனையாவது நாள், வலி 0 முதல் 10 வரையான அளவில் எவ்வளவு, அது வயிற்றின் முன்பக்கமா, நாரியா, தொடைவரை ஓடுகிறதா, சிறுநீர், மலம், உடலுறவு, நெடுநேரம் அமர்தல், பாரம் தூக்குதல் ஆகியவற்றில் எதனோடு கூடியது, என்ன மருந்து எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, அன்று எந்த வேலை அல்லது வகுப்பு தவறியது என்பன ஒரே வரியில் எழுதப்பட்டால் போதும். எழுதப் பழக்கமில்லாத பெண்ணுக்காக மகளோ சகோதரியோ எழுதலாம். நாட்காட்டியின் கட்டங்களில் நிறப் பென்சிலால் குறியிடுவதும் பயன்தரும். உடலுறவின்போதான வலியைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படும் பெண்கள் அதனை முன்கூட்டியே எழுதிக்கொண்டு சென்று, அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டிவிடலாம்.

பல பெண்கள் ‘வயிற்றுக்குத்து’, ‘நாரி நோ’ என்று மட்டும் கூறுவதால், வாயுத் தொல்லைக்கான மருந்தோடும் பெனடோலோடும் திருப்பி அனுப்பப்படுகின்றனர். அதே பெண், ‘எட்டு மாதங்களாக, மாதவிடாய்க்கு மூன்று நாட்கள் முன்பே தொடங்கி, மாதத்தில் ஐந்து நாட்கள் வேலைக்குச் செல்ல முடியாத வலி’ என்று கூறும்போது, அந்தக் கூற்றைக் கடந்து செல்வது எந்த மருத்துவருக்கும் கடினமாகும்.

எந்த வாசலில் தொடங்குவது

திருமணமான பெண்ணுக்கு எளிதான தொடக்கம் குடும்பநல உத்தியோகத்தரே. அவர் மருந்து எழுதுபவரல்லர் என்றாலும், சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக் நடைபெறும் நாளைச் சொல்லவும், அங்கே முன்னிறுத்தவும், வைத்தியசாலைக்கான கடிதம் பெற உதவவும் அவரால் முடியும். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் பணியமர்த்தப்படும் இவர்களின் சுமை மிக அதிகம். ஆயினும், வீட்டுத் தரிசிப்பின்போது குடும்பத்திட்டமிடலைப் பற்றிக் கேட்கும் அதே மூச்சில், ‘மாதவிடாய் நாட்களில் வேலை செய்ய முடியாத வலி உண்டா, மற்ற நாட்களிலும் அடிவயிற்றில் வலி உண்டா’ என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்வது புதிய பணியாளரையோ புதிய கட்டடத்தையோ வேண்டாத சீர்திருத்தமாகும். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் மட்டத்தில் எடுக்கப்படக்கூடிய இத்தகைய முடிவுகளுக்காகப் பெண்கள் அமைப்புகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் எழுத்து மூலம் கோரிக்கை விடுப்பது தகும்.

35 வயதைத் தாண்டிய பெண் சுகவனிதையர் கிளினிக்குக்குச் செல்லும்போது, அங்கே செய்யப்படும் உட்பரிசோதனையைத் தன் வலியைச் சொல்வதற்கான வாய்ப்பாகவும் பயன்படுத்த வேண்டும். கேட்கப்படவில்லை என்பதற்காகச் சொல்லாமல் திரும்பலாகாது.

திருமணமாகாத இளம்பெண்ணின் நிலையே மிகவும் கடினமானது. 1, 4, 7, 10 ஆம் தரங்களில் நடைபெறும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது, 10 ஆம் தர மாணவி தன் வலியைச் சொல்லலாம் என்பதைத் தாயும் ஆசிரியையும் அவளுக்கு முன்னரே சொல்லி வைக்க வேண்டும். பாடசாலையை விட்ட பின், வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவே அவளுக்கான நேரடி வழியாகும். ‘கலியாணம் கட்டினால் சரியாகும், ஒரு பிள்ளை பிறந்தால் போய்விடும்’ என்ற அறிவுரை நம் வீடுகளில் இன்றும் அன்போடு சொல்லப்படுகிறது. ஆனால் எண்டோமெட்ரியோசிஸுக்குச் சிகிச்சை என்ற ஒரே நோக்கத்துக்காகக் கருத்தரிக்குமாறு எந்தப் பெண்ணுக்கும் அறிவுரை கூறலாகாது என ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகக் கூறுகிறது. வலிக்கும் உடலோடு திருமணத்துக்குள் அனுப்பப்படும் பெண், உடலுறவு வலியையும் பிள்ளையில்லை என்ற பேச்சையும் ஒருசேரச் சுமக்க நேர்கிறது. இதனைத் தடுக்கும் பொறுப்பு முதலில் குடும்பத்துக்கே உரியது.

வெளிநோயாளர் பிரிவிலிருந்து பெண்ணோயியல் கிளினிக்குக்கு அனுப்பப்படும்போது, மக்கள் வி.ஓ.ஜி. என்று அழைக்கும் விசேட வைத்திய நிபுணரைச் சந்திக்க முடிகிறது. மாலையில் தனியார் நிலையத்தில் இதே நிபுணரைச் ‘சனல்’ செய்து பார்ப்பவர்கள், தனியார் நிலையத்தில் செய்த பரிசோதனைகளின் முடிவுகளை அரச கிளினிக்கின் கொப்பியோடு சேர்த்து வைத்துக்கொண்டால், அதே பரிசோதனைக்கு இரண்டாவது முறை பணம் செலுத்த வேண்டியிராது. ஒருமுறை சனலில் பார்த்துவிட்டதனால் அரச கிளினிக்கில் தொடரும் உரிமை இல்லாமற்போவதில்லை.

மொழி, இந்நகரில் தனிக்கவனம் பெற வேண்டிய விடயமாகும். நாடு முழுவதிலுமிருந்து இடமாற்றம் பெற்று வரும் மருத்துவர்களுள் தமிழ் பேசாதோர் பலர். 1988 இன் 16 ஆவது திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்ட அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் கிழக்கு மாகாணத்தில் தமிழை நிருவாக மொழியாக ஏற்றிருப்பதால், தன் மொழியில் பேச உதவி கோருவது சலுகையன்று, உரிமை. மொழிபெயர்க்கக் கணவரையோ மாமியாரையோ மகனையோ அழைப்பதைவிடத் தாதியொருவரை அழைப்பதே சிறந்தது. உறவினர் முன்னிலையில் உடலுறவு வலியையும் வீட்டு வன்முறையையும் எந்தப் பெண்ணும் பேசமாட்டாள்.

பரிசோதனை அறைக்குள்

உட்பரிசோதனை செய்வதற்கு முன் அது ஏன் செய்யப்படுகிறது என்று கேட்கவும், பெண் தாதி ஒருவர் உடனிருக்க வேண்டும் எனக் கோரவும், வலி தாங்க முடியாதபோது நிறுத்தச் சொல்லவும், வேறொரு நாளைக்கு ஒத்திவைக்கவும் பெண்ணுக்கு உரிமை உண்டு. யோனிவழி ஸ்கேன் மிகத் தெளிவான படத்தைத் தருகிறது என்றாலும், உடலுறவு அனுபவமில்லாத பெண்ணுக்கு வயிற்றின் மேலாகச் செய்யும் ஸ்கேனே வழமை. அதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டுமாதலால், கிளினிக்குக்குச் செல்லுமுன் தண்ணீர் குடித்துச் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும். சூலகத்தில் உருவாகும் எண்டோமெட்ரியோசிஸ் கட்டியை ஸ்கேன் நன்கு காட்டும். வயிற்றறைச் சவ்வின் மேற்பரப்பில் புள்ளிகளாகப் பரவியிருக்கும் நோயைக் காட்டாது. ஆகவே சாதாரணமான ஸ்கேன் அறிக்கை, நோயில்லை என்பதற்கான சான்றிதழ் ஆகாது.

வயிற்றில் சிறு துளையிட்டுக் கமெராவைச் செலுத்திப் பார்க்கும் லெப்ரோஸ்கோப்பி, ஒரு காலத்தில் கட்டாயமான முதற்படியாகக் கருதப்பட்டது. இன்று அந்தக் கருத்து மாறிவிட்டது. வலி மாதவிடாய்ச் சுற்றோடு ஒத்துப் போகுமானால், மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை ஹோர்மோன் சிகிச்சை கொடுத்துப் பார்த்த பின்னரே லெப்ரோஸ்கோப்பியை யோசிக்கலாம் எனப் பிரித்தானிய வழிகாட்டி பரிந்துரைக்கிறது. லெப்ரோஸ்கோப்பி செய்யப்படும் பெண்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையானோரிடம் கண்ணுக்குத் தெரியும் நோய் எதுவும் காணப்படுவதில்லை என்பதும் அதே வழிகாட்டியின் கணிப்பு. எதுவும் காணப்படாத பெண்ணிடம் அந்தச் செய்தி எவ்வாறு சொல்லப்படுகிறது என்பது மருந்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது.

பாலியல் வழித் தொற்றுக்கான பரிசோதனை அவசியமெனில், திருகோணமலையில் இயங்கும் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகவும் இரகசியம் காக்கப்பட்டும் அது செய்யப்படுகிறது.

சில அறிகுறிகள் வரிசையில் காத்திருக்க முடியாதவை. மாதவிடாய் தவறிய பெண்ணுக்குத் திடீர் வயிற்றுவலியும் மயக்கமும் வந்தால், குழாய்க்குள் கரு தங்கியிருக்கக்கூடும் என்பதால், உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். அதிகக் காய்ச்சலோடு கூடிய அடிவயிற்று வலியும் அன்றே வைத்தியசாலையில் காட்டப்பட வேண்டும். மாதவிடாய் நின்ற பின் இரத்தக்கசிவு, உடலுறவுக்குப் பின் இரத்தக்கசிவு, மலத்தோடு இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், கையில் தட்டுப்படும் கட்டி, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய வலி ஆகியன ஒரு சில நாட்களுக்குள் மருத்துவரைக் காண வேண்டியவை.

சிகிச்சை

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 106 பெண்களிடம் நடத்தப்பட்டு 1991 இல் வெளியான ஆய்வொன்று இத்துறையில் இன்றும் வழிகாட்டியாக நிற்கிறது. ஒரு பிரிவினருக்கு வழமைபோல உடற்காரணம் முதலில் தேடப்பட்டு, லெப்ரோஸ்கோப்பியும் செய்யப்பட்டு, எதுவும் கிடைக்காதபோது மட்டும் மற்றவை கவனிக்கப்பட்டன. மற்றப் பிரிவினருக்கோ உடல், உளம், உணவு, சுற்றுச்சூழல், இயன்மருத்துவம் அனைத்தும் முதல் நாளிலிருந்தே சம அளவில் கவனிக்கப்பட்டன. வலி குறைந்தது இரண்டாம் பிரிவினருக்கே அதிகம். அறுவை, ஸ்கேன் ஆகியவற்றுக்கான பெரும் வசதிகள் இல்லாத ஊருக்கு இந்த முடிவு நம்பிக்கை தருவதாகும். பெண்ணோயியல் நிபுணர், இயன்மருத்துவர், உளநல மருத்துவர் மூவரும் மாதத்தில் ஓர் அரை நாள் ஒரே கட்டடத்தில் அமர்ந்தாலே, அதன் சாரத்தை இங்கும் நடைமுறைப்படுத்தலாம். அவுஸ்திரேலியா 2018 இல் எண்டோமெட்ரியோசிஸுக்கான தேசியச் செயற்றிட்டம் ஒன்றை வகுத்து, பின்னர் இடுப்புக்குழி வலிக்கெனத் தனி கிளினிக்குகளுக்கு நிதி ஒதுக்கியதும் இதே எண்ணத்திலிருந்து பிறந்ததே.

மாதவிடாயோடு கூடும் வலிக்கு மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரொஃபன் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகள் பெனடோலைவிடச் சிறப்பாகப் பயன்படுகின்றன. வலி உச்சத்துக்குச் சென்ற பின் விழுங்குவதைவிட, தொடங்கும் வேளையிலேயே, உணவுக்குப் பின், மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பது பலன் தரும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளோர் இவற்றை மருந்தகத்தில் தாமாகவே வாங்கி எடுக்கலாகாது. அடிவயிற்றிலும் நாரியிலும் சூடு பிடிப்பது செலவில்லாத, ஆய்வுகள் ஆதரிக்கும் துணைச் சிகிச்சையாகும். தோல் கருகும் அளவுக்குச் சூடு மட்டும் வேண்டாம்.

ஹோர்மோன் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் பல தாய்மார் அஞ்சுகின்றனர். குடும்பத்திட்டமிடலுக்குத் தரப்படும் அதே கூட்டு மாத்திரை, அதே ஊசி, கர்ப்பப்பைக்குள் வைக்கப்படும் ஹோர்மோன் வளையம் ஆகியன எண்டோமெட்ரியோசிஸின் வலியைக் குறைக்கும் மருந்துகளாகவும் பயன்படுகின்றன. நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் டையனோஜெஸ்ட் என்ற மாத்திரையும் இவ்வகையைச் சேர்ந்தது. திருமணமாகாத மகளுக்கு இம்மாத்திரையைக் கொடுப்பது அவளது ஒழுக்கத்தைப் பற்றிய செய்தியன்று. காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதைப் போன்றதே. இம்மருந்துகளை நிறுத்திய பின் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்புகிறது. ஊசியை நிறுத்திய பின் மட்டும் அதற்குச் சில மாதங்கள் கூடுதலாக எடுக்கலாம். ஒற்றைத் தலைவலியோடு பார்வை மங்குவோர், கால் நாளத்தில் இரத்தம் உறைந்தோர், உயர் இரத்த அழுத்தம் உடையோர் அதனை முன்னரே சொல்ல வேண்டும். அவர்களுக்கு எஸ்ட்ரஜன் கலந்த மாத்திரை பொருந்தாது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக் காலத்தைப் போல அரச மருந்தகத்தில் மருந்து இல்லாமற்போகும் வேளைகளில், சிகிச்சையை நிறுத்திவிடாமல், கிடைக்கக்கூடிய மலிவான மாற்று எது என்று மருத்துவரிடம் கேட்பதே சரியான வழியாகும்.

நரம்பு சார்ந்த வலிக்கு அமிட்ரிப்டிலின் என்ற மருந்து இரவில் 10 மில்லிகிராம் போன்ற குறைந்த அளவில் தொடங்கப்படுவதுண்டு. இது மனச்சோர்வுக்கும் தரப்படுவதால், ‘என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்கள்’ என்று சில பெண்கள் அதனை நிறுத்திவிடுகின்றனர். குறைந்த அளவில் இது நரம்புகளின் வலிச் செய்தியைத் தணிப்பதற்கே தரப்படுகிறது. கபாபென்டின் என்ற மருந்தைப் பற்றியோ, பிரித்தானியாவில் லெப்ரோஸ்கோப்பியில் நோய் எதுவும் காணப்படாத 306 பெண்களிடம் நடத்தப்பட்டு 2020 இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, அது வெற்று மாத்திரையைவிட வலியைக் குறைக்கவில்லை என்றும், தலைச்சுற்றையும் தூக்கக்கலக்கத்தையும் கூட்டியது என்றும் காட்டியது. மாதக்கணக்கில் இம்மருந்தை எடுத்தும் பயன் காணாத பெண், அதனைத் தொடர வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதற்கு முழு நியாயம் உண்டு. ஆனால் திடீரெனத் தானே நிறுத்தலாகாது.

இயன்மருத்துவம் நம் நாட்டில் மிகவும் குறைவாகப் பயன்படுத்தப்படும் சிகிச்சையாகும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் சொல்லிக்கொடுக்கப்படும், இடுப்புத் தளத் தசைகளை இறுக்கும் பயிற்சியை வலியுள்ள பெண்கள் தாமாகச் செய்யும்போது, ஏற்கெனவே இறுகிப்போன தசை மேலும் இறுகி வலி கூடுகிறது. அவர்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சியே. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, மூச்சை உள்ளிழுக்கும்போது வயிறு உயர்வதையும் இடுப்புத் தளம் கீழே இளகுவதையும் உணர்ந்தபடி, நாளொன்றுக்கு இருமுறை சில நிமிடங்கள் மெதுவாக மூச்சுவிடுவது பாதுகாப்பான தொடக்கமாகும். வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குத் தன்னை அனுப்ப முடியுமா என்று கிளினிக்கில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு இக்கடிதம் எழுதப்படுவது அரிது.

கர்ப்பப்பையை அகற்றுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். அடினோமையோசிஸில் அது உண்மையான விடுதலை தரலாம். தசையிலிருந்தும் குடலிலிருந்தும் எழும் வலிக்கு அது எந்தப் பயனும் தராது. ‘பிள்ளைகள் போதும்தானே, எடுத்துவிடுவோம்’ என்ற ஆலோசனை வரும்போது, வலி கர்ப்பப்பையிலிருந்துதான் வருகிறது என்பதற்கு என்ன சான்று, சூலகங்களும் அகற்றப்படுமா, அகற்றிய பின்னும் வலி இருந்தால் என்ன செய்யப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை பெறாமல் ஒப்பமிட வேண்டியதில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகப் பயிற்றப்படுகிறது என்பதும், இப்பகுதிப் பெண்கள் பலர் முதலில் நாடுவது சித்த வைத்தியரையே என்பதும் இரு தரப்பு மருத்துவர்களும் அறிந்தவை. இரு வகை மருந்துகளையும் எடுக்கும் பெண், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் மறைக்கலாகாது. உலோகம் கலந்த செந்தூரம், பற்பம் போன்றவற்றைக் கருத்தரிக்க முயலும் காலத்திலும் சிறுநீரக நோயிலும் தவிர்ப்பது நல்லது.

வன்முறையும் வலியும்

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்களின் நலவாழ்வு பற்றிய ஆய்வு, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருப்பதைக் காட்டியது. 2004 ஆழிப்பேரலையையும் போர்க்கால இடப்பெயர்வுகளையும் முகாம் வாழ்க்கையையும் கண்ட மாவட்டத்தில் வேறு வடிவக் காயங்களும் சேர்ந்திருக்கும். பயமும் வன்முறையும் நாட்பட்ட இடுப்புக்குழி வலியோடு தொடர்புடையவை என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. அவ்வலி மனத்தில் மட்டும் இருப்பது என்பது இதன் பொருளல்ல. நெடுங்காலம் எச்சரிக்கையோடு இருந்த உடலின் நரம்பும் தசையும் வலிக்கப் பழகியிருக்கின்றன என்பதே பொருள். இதைப் பற்றி மருத்துவர் கேட்பதானால், தனியறையில், உறவினர் வெளியே இருக்கும்போது, எல்லாப் பெண்களிடமும் கேட்கும் வழமையான கேள்வியாகக் கேட்க வேண்டும். பெரிய அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ‘நட்பு நிலையம்’ இத்தகைய பெண்களுக்கு ஆலோசனையும் சட்ட வழிகாட்டலும் தருகிறது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 மகளிர் உதவி எண்ணாகவும், 1926 உளநல உதவி எண்ணாகவும் இயங்குகின்றன.

கோப்பும் பயணமும்

இடமாற்றங்களால் மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஊரில், நோயின் வரலாற்றைக் காப்பவள் நோயாளியே. கிளினிக் கொப்பி, ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனைகள், ‘டயக்னோசிஸ் காட்’ எனப்படும் நோய் நிர்ணய அட்டைகள் அனைத்தும் திகதி வரிசையில் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். எந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின்னரும், என்ன காணப்பட்டது, எது அகற்றப்பட்டது, திசுப் பரிசோதனையின் முடிவு என்ன என்பன எழுத்தில் தரப்பட்டுள்ளனவா என்று வீடு திரும்புமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்து நிறுத்திய மருந்துகளின் பெயர், காலம், நிறுத்திய காரணம் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி மேலே வைத்தால், அடுத்த மருத்துவர் அதே மருந்தில் மீண்டும் தொடங்கமாட்டார்.

குடலையோ சிறுநீர்க்குழாயையோ தாக்கிய ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நிலைகளில் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்பட நேரலாம். கொழும்பில் டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் பெண்களுக்கென இயங்குகின்றன. ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணம் வலியுள்ள உடலுக்குக் கடினமாதலால், மாதவிடாய்க்கு முந்திய நாட்களைத் தவிர்த்துத் திகதி கேட்கலாம். புறப்படுமுன் பரிந்துரைக் கடிதத்தில் கிளினிக்கின் பெயரும் நாளும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், முடிந்தால் தொலைபேசியில் அந்நாளில் கிளினிக் நடைபெறுகிறதா என உறுதிசெய்வதும், சிங்களம் பேசத் தெரிந்த பெண் துணையொருவரை அழைத்துச் செல்வதும், பேருந்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையேனும் எழுந்து நிற்க வாய்ப்புள்ள இருக்கையைத் தெரிவுசெய்வதும் அந்நாளின் துன்பத்தைக் குறைக்கும். அங்கிருந்து திரும்பும்போது, தொடர்சிகிச்சையைத் திருகோணமலையிலேயே பெறுவதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால், ஒவ்வொரு மாதமும் மருந்துக்காக மட்டும் கொழும்புக்குச் செல்ல வேண்டியிராது.